காலண்டரா, தலைக்கணக்கா: பழைய பிஎச்பியை எப்போது கைவிடுவது?

பெங்களூரு சிக்பேட்டில் புடவை மொத்த வியாபாரம் செய்யும் சேலத்துக்காரர் ஒருவருக்கு 2013-இல் பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். அதை எழுதிய நிரல்மொழி பிஎச்பி, அப்போது இருந்த பதிப்பு 5.4. ஹோஸ்டிங் நிறுவனம் 5.6-க்கு ஏற்றியபோதும் அது அசையாமல் ஓடியது. இதைப்போல இன்னும் சில கடைகளின் மென்பொருளையும் அல்சூரில் வீட்டில் இருந்தபடியே கவனித்துக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் பொதுவான பகுதியைப் பிரித்தெடுத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி ஒரு இலவச லைப்ரரியாகவும் (பிறர் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு) வெளியிட்டிருக்கிறேன். ஆகவே பழைய பதிப்பைக் கைவிடுகிறவனும் நான்தான், கைவிடப்படுகிறவனும் நான்தான்.

எந்தப் பதிப்பு வரை தாங்குவது என்பதற்கு மூன்று வழக்கங்கள் இருக்கின்றன.

முதலாவது, மொழியை உருவாக்குகிறவர்களின் காலண்டரைப் பின்பற்றுவது. அவர்கள் பாதுகாப்புத் திருத்தம் தருவதை நிறுத்தினால் நாமும் நிறுத்திவிடலாம். 5.6-க்கு அந்த நாள் 2018 டிசம்பர் 31, 7.4-க்கு 2022 நவம்பர் 28. பிஎச்பியில் மென்பொருள் எழுத அடித்தளமாக உதவும் சில கட்டமைப்புகள் (ஃபிரேம்வொர்க்) அதற்கும் முன்னால் ஓடுகின்றன. 2023 நவம்பரில் வந்த சிம்ஃபொனி 7-உம், 2024 மார்ச்சில் வந்த லாராவெல் 11-உம் 8.2-க்குக் கீழே இறங்கவில்லை. அந்த மாதங்களில் 8.1 இன்னும் உயிரோடுதான் இருந்தது.

இரண்டாவது, தலைகளை எண்ணுவது. இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் வழி இதுதான்: ஒரு பதிப்பில் ஓடும் தளங்கள் 5 சதவீதத்துக்குக் கீழே போகும்வரை காத்திருப்பார்கள். 2019 மே வரை அவர்களுக்கு 5.2.4 போதுமானதாக இருந்தது. 5.2-க்கு மொழிக்குழு விடைகொடுத்தது 2011 ஜனவரியில். எட்டு ஆண்டுகள் கழித்துத்தான் வேர்ட்பிரஸ் விடைகொடுத்தது. பிறகு 5.6.20, 2023 ஆகஸ்டில் 7.0, 2024 ஜூலையில் 7.2.24. கிழவரைக் கைப்பிடித்துப் படியேற்றுவது போன்ற நிதானம்.

அந்த நிதானத்தைக் கேலி செய்யும் புரோகிராமர்களோடு நான் சேரமாட்டேன். ஆனால் தலைக்கணக்கில் ஒரு சுழல் இருக்கிறது. மென்பொருள் பழையதைத் தாங்கும்வரை ஹோஸ்டிங்காரர் மாற்றமாட்டார். அவர் மாற்றாதவரை எண்ணிக்கை குறையாது. 2007-இல் டிரூபல், பிஎச்பிமைஅட்மின் உட்படப் பல பிஎச்பி மென்பொருள் திட்டங்கள் இந்தச் சுழலை உடைப்பதற்காகக் கைகோத்தன. 2008 பிப்ரவரி 5-க்குப் பிறகு தொடங்கும் புதிய பதிப்புகளுக்கு 5.2 கட்டாயம் என்று எல்லாரும் ஒரே நாளைக் குறித்தார்கள். தனியாக ஒருவர் மட்டும் முந்தினால் அவருடைய பயனர்கள்தானே போட்டியாளரிடம் போவார்கள்?

மூன்றாவது, சர்வரில் இருக்கும் லினக்ஸ் இயங்குதளத்தைப் பார்த்து முடிவெடுப்பது. ரெட்ஹாட் நிறுவனத்தின் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7 தன்னோடு கொண்டுவந்தது 5.4. மொழிக்குழு அதை 2015-இல் கைவிட்டது. ரெட்ஹாட்டோ 2024 ஜூன் 30 வரை ஓட்டைகளை அடைத்துக் கொடுத்தது. சர்வர் நிர்வாகிக்கு இது நிம்மதிதான். மென்பொருள் எழுதுகிறவனுக்கு, 2024-இலும் 5.4-க்கு ஏற்ப எழுது என்று சொல்வதற்குச் சமம். அந்த நிம்மதிக்கு நான் ஏன் கூலியில்லாமல் உழைக்க வேண்டும்? இந்த வழி வேண்டாம்.

பழையதைத் தாங்க ஆகும் செலவு சில்லறையாகத்தான் போகும், கண்ணில் படாது. ஒரு மாறியில் மதிப்பு இருந்தால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் காலியாக வை என்று சொல்ல 7.0 முதல் இரண்டு கேள்விக்குறிகள் போதும். 5.6-ஐயும் தாங்க வேண்டுமென்றால் மாறியின் பெயரை இரண்டு முறை எழுத வேண்டும். என் லைப்ரரியில் அப்படிப்பட்ட வரிகள் ஏராளம். சோதனை வேலை இன்னும் மோசம். 5.6 முதல் 8.4 வரை பதினொரு பதிப்புகள் (6 என்று ஒன்று வெளிவரவே இல்லை). தரவுத்தளங்களான மைஎஸ்க்யூஎல், மரியாடிபி இரண்டோடும் சோதித்தால் இருபத்திரண்டு ஓட்டங்கள். போதாததற்கு, சோதனைக் கருவியான பிஎச்பியூனிட்டின் எந்த ஒரு பதிப்பும் 5.6, 8.4 இரண்டிலும் ஓடாது. இரண்டு பதிப்புகளை வைத்துக்கொண்டு இடையில் ஒட்டுப்போட வேண்டும்.

அதனால் லைப்ரரிக்குக் காலண்டர்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அங்கே லைப்ரரிகளை இறக்கித்தரும் கம்போசர் என்ற கருவி காவல் நிற்கிறது. பழைய பிஎச்பியில் இருப்பவருக்கு என் புதிய வெளியீட்டைத் தராமல், அவருக்குப் பொருந்தும் கடைசி வெளியீட்டையே எடுத்துக் கொடுக்கும். யாருடைய வேலையும் நின்றுபோகாது. வெளியீட்டின் முதன்மை எண்ணை (1-இலிருந்து 2 என்பதுபோல) உயர்த்தும்போது மட்டும் பழைய பிஎச்பியைக் கைவிடுவேன். முந்தைய வரிசைக்கு ஓராண்டு பாதுகாப்புத் திருத்தம் மட்டும் தருவேன்.

கடைக்காரர் அன்றாடம் திறக்கும் மென்பொருளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்குக் கம்போசரும் தெரியாது, காலண்டரும் தெரியாது. அங்கே தலையை எண்ணத்தான் வேண்டும். ஒரே ஒரு தலை பாக்கி இருந்தாலும் அது நமக்குப் பணம் கொடுத்த தலை.

சேலத்துக்காரர்தான் அந்த ஒரு தலை. ஹோஸ்டிங் நிறுவனம் 5.6-ஐ நிறுத்தப்போவதாகக் கடிதம் அனுப்பியது. புதிய சர்வரில் ஒரு நகலை ஏற்றிப் பார்த்தேன். முதல் பக்கமே, தரவுத்தளத்தோடு இணைக்கும் மைஎஸ்க்யூஎல் கனெக்ட் என்றொரு செயற்கூறே கிடையாது என்று கைவிரித்தது. 2013-இல் வந்த 5.5 அதைப் பயன்படுத்தாதே என்று எச்சரித்திருந்தது, 7.0-இல் எடுத்தே விட்டார்கள். நான் கேட்கவில்லை. குற்றம் என்னுடையது.

அதை ஒரு நாளில் சரிசெய்தேன். பிறகுதான் வினை. புடவைப் பெயர்களெல்லாம் தலையில் கோடு போட்ட லத்தீன் ஏ எழுத்துகளாக வந்தன. தரவுத்தளத்துடனான பழைய இணைப்பு தன்னை லத்தீன் எழுத்துமுறை என்று சொல்லிக்கொண்டே தமிழ் பைட்டுகளை உள்ளே போட்டு, அதேபோல் வெளியே எடுத்தும் கொடுத்திருக்கிறது. பொய் சொன்னவனே சாட்சியாகவும் இருந்ததால் இத்தனை ஆண்டுகள் பிடிபடவில்லை. புதிய மைஎஸ்க்யூஎல் 8 இயல்பாகவே யூனிகோடில் பேசியதும் குட்டு வெளிப்பட்டது. அட்டவணை அட்டவணையாக மாற்றி முடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. எந்தக் காலண்டரிலும் இந்த ஞாயிறுகள் குறிக்கப்பட்டிருக்காது.

மூன்றாவது ஞாயிறு கடைக்குப் போனேன். எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு, ஏன் என்று விளக்கத் தொடங்கினேன். அவர் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைத் தட்டினார்.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. அச்சடித்த பில் தாளில் தொகை அந்தக் கட்டத்துக்குள்ளேயே விழுமா?"

ஒரு பில் அடித்துக் காட்டினேன். தொகை கட்டத்துக்கு அரை வரி கீழே விழுந்திருந்தது.