எங்கே நின்று பிடிக்கிறோம்? கையடக்க வேக ரேடார் ஒன்றைப் பாவித்த அனுபவம்

நுவரெலியாவில் பாடசாலைப் பையன்களுக்கு வேகப்பந்து பழக்குகிறேன். கொழும்பிலிருந்து மச்சான் வாங்கி அனுப்பிய கையடக்க ரேடாரை இந்த சீசன் முழுக்கப் பாவித்துப் பார்த்துவிட்டேன். போன் அளவுதான் இருக்கும். பொத்தானை அழுத்தினால் பந்தின் உச்ச வேகம் திரையில் வந்துவிடும். நல்ல சாமான், பயிற்றுநர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் எங்கே நின்று பிடிக்க வேண்டும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ரேடாருக்குத் தெரிவது தன்னை நோக்கி வரும் வேகம் மட்டும்தான். அதனால் விக்கெட் காப்பாளருக்குப் பின்னால், வலைக்கு அந்தப் பக்கம், பந்து வரும் கோட்டிலேயே நிற்க வேண்டும். 20 பாகை விலகினாலே ஆறு சதவீதம் போய்விடும். 120 கிலோமீற்றரில் போட்ட பையனுக்கு 113 என்று காட்டும். ஒரு நாள் ஒருவன் முகம் சிவக்க வந்தான். "சேர், எனக்கு மட்டும் இந்தத் தம்பி ஓரத்துல நின்னு பிடிச்சான், நீங்களே பாருங்க!" பார்த்தேன், அவன் சொன்னது நியாயம்தான். அன்றே சுண்ணாம்பால் தரையில் கோடு போட்டோம். இப்போது யார் பிடித்தாலும் அந்தக் கோட்டில்தான் நிற்க வேண்டும்.

பேஸ்போல்காரர்கள் இதே விஷயத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகச் சண்டை பிடிக்கிறார்கள். 1946இல் பாப் ஃபெல்லரின் பந்தை அமெரிக்க இராணுவக் கருவி மணிக்கு 98.6 மைல் என்று அளந்தது. 1974இல் நோலன் ரயனுக்கு 100.9 என்று கின்னஸ் பதிந்தது. 2010 செப்டெம்பர் 24ஆம் திகதி சான் டியாகோவில் அரோல்டிஸ் சாப்மன் போட்டது 105.1, அது பின்னர் 105.8 ஆகத் திருத்தப்பட்டது. வரிசையாகப் பார்த்தால் சாப்மன்தான் முதலாவது. ஆனால் ஃபெல்லருக்கும் ரயனுக்கும் அளந்தது பந்து அடிப்பவரை நெருங்கிய இடத்தில், சாப்மனுக்கோ கையை விட்ட இடத்துக்குக் கிட்ட. அந்தத் தூரத்துக்குள் காற்று பந்தின் வேகத்தில் எட்டு, பத்து சதவீதத்தைத் தின்றுவிடும். கையை விட்ட கணத்துக்கு மாற்றிக் கணக்குப் பார்த்தவர்கள் ரயனுக்கு 108 மைலுக்கு மேல் கொடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் ரயன் பக்கம்தான் நிற்பேன்.

நமக்கு இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. உயரமான மைதானம் என்று பேஸ்போலில் பேர் எடுத்த டென்வரே கிட்டத்தட்ட 1,600 மீற்றர்தான், நுவரெலியா 1,868. இங்கே காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் பந்து வழியில் இழக்கும் வேகமும் குறைவு. ரேடாரில் அதே 120 வந்தாலும் கொழும்பில் துடுப்பாட்டக்காரனுக்குப் பந்து ஒரு துளி மெதுவாகத்தான் வந்து சேரும். கீழே போய் விளையாடும் பையன்களிடம் இதை நான் மறக்காமல் சொல்லி அனுப்புவேன்.

குறை என்றால், மைதானத்துக்குப் பின்னால் பதுளை வீதியில் பஸ் இறங்கும்போது சில நேரம் பஸ்ஸின் வேகத்தைக் காட்டிவிடுகிறது. தூறலிலும் எண் தடுமாறுகிறது. சந்தேகமான எண்ணை எழுதாமல் விட்டுவிடுங்கள். பெரிய இடத்திலேயே இப்படி நடந்திருக்கிறது. 2020இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தில் மதீஷ பத்திரனவின் ஒரு வைட் பந்துக்கு 175 கிலோமீற்றர் என்று திரையில் வந்தது. ஷொயிப் அக்தரின் 161.3தான் இன்றும் சாதனை. அந்த 175ஐ யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்க நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: இப்போதைக்கு வேண்டாம். வளரும் வயதில் எண்ணைத் துரத்தி ஓவர் ஓவராக வேகமாகப் போட்டால் முதுகு போய்விடும். நான் ஒரு பையனுக்கு ஒரு பயிற்சியில் ஆறு பந்துக்கு மேல் அளப்பதில்லை. அப்புறம், இங்கத்தைக் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், கையில் ஒரு சோடி மேலதிகமாக வைத்திருங்கள்.