துள்ளிய படகு நேரானது: நான்கு வருடப் பயன்பாட்டு அனுபவம்

ஐந்து மீட்டர் நீளமுள்ள ஃபைபர் படகு, அடிப்பாகம் வி வடிவம், பின்னால் 60 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு. இன்னொருவர் சில வருடம் ஓட்டிய பிறகு என் கைக்கு வந்தது. எஞ்சின் அருமையான எஞ்சின், ஒரு நாளும் கிளம்ப மறுத்ததில்லை. படகு ஓடிய விதம்தான் சரியில்லை.

ஆக்ஸிலேட்டரைத் தள்ளினால் மூக்கு வானத்தைப் பார்க்கும். எதிரே தண்ணீரே தெரியாது. நாலு பேர் ஏறியிருந்தால் தண்ணீர் மேல் ஏறி ஓடத் தொடங்கவே வெகுநேரம் ஆகும். ஏறிய பிறகு, 40 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கும்போது ஓங்கில் (டால்பின்) துள்ளுவதுபோல மூக்கு எழும்பி எழும்பி விழும். உட்கார்ந்திருப்பவர்களின் முதுகுதான் பாவம். இதோடு படகு எப்போதும் இடப்பக்கம் சாய்ந்தே ஓடும், ஸ்டீயரிங் வலப்பக்கம் இழுக்கும், வலப்பக்கம் வளைத்தால் புரொப்பெல்லர் பிடியை விட்டுவிட்டு எஞ்சின் மட்டும் அலறும்.

முதல் வருடம் நான் செய்தது, எல்லோரும் சொன்னதைத்தான். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டில் ஒரு இறக்கை மாட்டினேன். ஹைட்ரோஃபாயில் என்று விற்கிறார்கள். மூக்கு தூக்குவது உடனே குறைந்தது, துள்ளலும் பாதியானது. அந்த ஒரு மாதம் மிகவும் திருப்தியாக இருந்தது. பிறகு ஒரு நாள், தனியாக, காற்றே இல்லாத தண்ணீரில் முழு வேகத்தில் போகும்போது படகு தானாக ஒரு பக்கம் திரும்பப் பார்த்தது. இறக்கை பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டே இருந்ததால் மூக்கு தண்ணீரைக் கவ்விவிட்டது. மூக்கு ஆழமாக அழுந்தினால் அதுவே சுக்கான் போலாகி, படகு அதன் சொல்லைத்தான் கேட்கும். வேகத்தை மெதுவாகக் குறைத்துக் கரைக்கு வந்து, அன்றே கழற்றினேன். தட்டில் போட்ட நாலு துளைகளின் தடம் இன்றும் இருக்கிறது. அவற்றை அடைத்துப் பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் அலுமினியம் அங்கிருந்து அரிக்கத் தொடங்கும்.

இறக்கை கெட்ட பொருள் என்று சொல்ல வரவில்லை. சில படகுகளுக்கு அது உண்மையிலேயே பொருந்தும். என் படகில் அது நோயை மறைத்தது, அவ்வளவுதான். நோய் எடையில் இருந்தது.

படகைக் காலி செய்து, ஒவ்வொரு பொருளும் எங்கே இருந்தது, எவ்வளவு கனம் என்று எழுதிப் பார்த்தேன். 22 கிலோ பேட்டரி இடப்பக்கப் பின்மூலையில். 60 லிட்டர் எரிபொருள் தொட்டி பின்னால், நிறைந்திருந்தால் பெட்ரோல் மட்டுமே சுமார் 45 கிலோ. நங்கூரமும் சங்கிலியும் பின்னால். ஐஸ்பெட்டியும் பின்னால். இத்தனையும் எஞ்சினின் கனத்தோடு சேர்ந்து ஒரே முனையில் உட்கார்ந்தால் மூக்கு தூக்காமல் என்ன செய்யும்?

பேட்டரியை ஓட்டுநர் மேடைக்குள், வலப்பக்கமாக, இரண்டு மீட்டர் முன்னால் கொண்டுவந்தேன். 22 கிலோவை இரண்டு மீட்டர் நகர்த்துவது, 70 கிலோ ஆள் ஒருவர் அறுபது சென்டிமீட்டருக்கு மேல் முன்னால் தள்ளி உட்காருவதற்குச் சமம். கனத்தை மட்டும் பார்த்தால் போதாது, எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதும் சேர்ந்துதான் கணக்கு. கேபிள் நீளமாகும்போது தடிமனான கேபிளாகப் போட வேண்டும், இல்லையென்றால் மின்னழுத்தம் வழியிலேயே விழுந்து ஸ்டார்ட்டர் திணறும். நங்கூரம் மூக்குப் பக்கப் பெட்டிக்குப் போனது, ஐஸ்பெட்டி மேடைக்கு முன்னால். எரிபொருள் தொட்டியை நகர்த்த இடமில்லை, விட்டுவிட்டேன்.

இடப்பக்கச் சாய்வுக்கும் பாதி விடை இதிலேயே கிடைத்தது. பின்னாலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும் புரொப்பெல்லர், படகின் உடலை எதிர்ப்பக்கம், அதாவது இடப்பக்கம் உருட்டப் பார்க்கும். அந்தப் பக்கமே பேட்டரியையும் வைத்தால் சாய்வு இரட்டிப்பாகும். வலப்பக்கம் மாற்றியதும் இரண்டும் ஓரளவு ஈடுகட்டிக்கொண்டன.

ஆனாலும் படகு கனமாகவே தோன்றியது. எடைமேடையில் டிரெய்லரோடு ஏற்றி, பிறகு டிரெய்லரை மட்டும் ஏற்றிக் கழித்துப் பார்த்தேன். இருக்க வேண்டியதைவிட 90 கிலோ கூடுதல். தரைக்கு அடியில், பின்பக்கம் தாழ்வான இடத்தில் சோதனைத் துளை போட்டால் வெளியே வந்த நுரைப்பஞ்சைப் பிழிய முடிந்தது. நீர் புகாத வகை நுரையும் வருடக்கணக்கில் தேங்கிய தண்ணீரில் கிடந்தால் ஊறிவிடும். பின்பாதித் தரையை அறுத்து, ஊறிய நுரையை எடுத்து, உலரவிட்டு, புது நுரை போட்டுத் தரையை மூடினேன். நான்கு வருடத்தில் என்னை மிகவும் களைப்பாக்கிய வேலை இதுதான், மிக அதிகப் பலன் தந்ததும் இதுதான். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஊறிய நுரையை எடுத்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள். படகு நிரம்பினாலும் மூழ்காமல் மிதக்க வைப்பது அதுதான்.

இரண்டாம் வருடம் எஞ்சினின் உயரத்துக்கு வந்தேன். படகின் அடிப்பாகத்தில் நேர்க்கோல் வைத்துப் பின்னால் நீட்டிப் பார்த்தால், புரொப்பெல்லருக்கு மேலுள்ள தட்டு அடிமட்டத்துக்கு 30 மில்லிமீட்டர் கீழே இருந்தது. பொதுவாக அது அடிமட்டத்துக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருந்தால் நல்லது. தாழ்வாக இருந்தால் கியர்பெட்டி தேவையில்லாமல் தண்ணீரை உழுதுகொண்டே வரும். மாட்டும் துளைகளுக்கு இடையே 19 மில்லிமீட்டர் இடைவெளி. எஞ்சினைச் சங்கிலிக் கப்பியில் தொங்கவிட்டு இரண்டு துளை உயர்த்தியதும், தட்டு அடிமட்டத்துக்கு 8 மில்லிமீட்டர் மேலே வந்தது. பழைய துளைகளை அடைத்து, புது போல்ட்டுகளைக் கடல் சீலன்ட் தடவி இறுக்கினேன்.

அதற்கு முன் முழு வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 5150 சுற்று, மணிக்கு 46 கிலோமீட்டர். பிறகு 5450 சுற்று, 51 கிலோமீட்டர். புரொப்பெல்லரின் பிட்ச், அதாவது நழுவாமல் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், 13 அங்குலம். கியர் விகிதம் 1.83, அதாவது எஞ்சின் 1.83 முறை சுற்றினால் புரொப்பெல்லர் ஒருமுறை சுற்றும். இதை வைத்துக் கணக்கிட்டால், நழுவலே இல்லாதிருந்தால் 5450 சுற்றில் 59 கிலோமீட்டர் வேகம் வர வேண்டும். ஆக நழுவல் சுமார் 18 சதவீதத்திலிருந்து 14க்கு இறங்கியிருந்தது. ஸ்டீயரிங்கும் இலகுவானது. எஞ்சினை உயர்த்துபவர்கள் குளிரூட்டும் தண்ணீரின் அழுத்தத்தைக் கட்டாயம் கவனியுங்கள், நீர் உறிஞ்சும் துளைகள் காற்றைக் குடிக்கத் தொடங்கினால் எஞ்சின் சூடாகிவிடும்.

வேகம் பார்க்கும்போதெல்லாம் ஒரே நீர்ப்பரப்பு, ஒரே அளவு எரிபொருள், போகும் வழி ஒருமுறை, திரும்பும் வழி ஒருமுறை, ஜிபிஎஸ் காட்டும் இரண்டு எண்களின் சராசரி. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். எஞ்சினை நிறுத்தும் கயிற்றை உடலில் மாட்டாமல் ஒரு சோதனையும் செய்ததில்லை. எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாத படகைத்தான் நாம் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறோம்.

எஞ்சின் உயர்ந்ததும் வலப்பக்க வளைவுச் சிக்கல் மோசமானது. புரொப்பெல்லர் பழுதோ என்று கழற்றிப் பார்த்தேன், விளிம்புகள் சுத்தமாகவே இருந்தன. இதைக் கேவிட்டேஷன் என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் அது வென்டிலேஷன். முதலாவதில் இதழின் மேல் அழுத்தம் மிகவும் குறைந்து தண்ணீரே ஆவியாகிக் குமிழாகும். இரண்டாவதில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். எனக்கு இரண்டாவது. காற்று எங்கிருந்து வருகிறது என்று தேடி இரண்டு வாரம் போனது. கடைசியில் பார்த்தால், ஆழமானியின் சென்சாரைப் பின்பலகையில் எஞ்சினுக்கு வலப்பக்கம் 20 சென்டிமீட்டரில் முன்பிருந்தவர் மாட்டியிருந்தார். அதன் தாங்கி அடிமட்டத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டு, கிளப்பிய குமிழ்களை வளைவில் நேராகப் புரொப்பெல்லருக்கே ஊட்டியது. 45 சென்டிமீட்டர் தள்ளி, சற்று உயர்த்தி மாட்டினேன். அலறல் நின்றது. அந்த மாலை வளைத்து வளைத்து ஓட்டியதில் கிடைத்த சந்தோஷம் இன்னும் மனதில் இருக்கிறது.

ஸ்டீயரிங் இழுப்புக்கு, தட்டுக்கு அடியில் உள்ள சிறு துடுப்பு போதுமானதாக இருந்தது. படகு வலப்பக்கம் இழுத்தால் துடுப்பின் பின்விளிம்பையும் வலப்பக்கமே திருப்ப வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. பல எஞ்சின்களில் எஞ்சினுக்குப் பதிலாக அரிப்பைத் தாங்கும் துத்தநாகமும் அதுவேதான், அதன் மேல் பெயிண்ட் அடிக்கக் கூடாது.

டிரெய்லரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தாங்கு பலகைகள் பின்பலகை வரை எட்டாமல் முன்னாலேயே முடிந்திருந்தன. எஞ்சினின் கனம் அந்தரத்தில் தொங்க, படகின் அடிப்பாகம் காலப்போக்கில் உள்வளைந்துபோகும். உள்வளைந்தால் மூக்கு கீழே அழுந்தும், வெளிப்புடைத்தால் துள்ளும். நேர்க்கோல் வைத்துப் பார்த்ததில் என் படகு தப்பித்திருந்தது. பலகைகளை நீட்டிவிட்டேன்.

மூன்றாம் வருடம் மூன்று இதழ் அலுமினியப் புரொப்பெல்லரை மாற்றி, பிட்ச் ஓர் அங்குலம் குறைத்து நான்கு இதழ் போட்டேன். உச்ச வேகத்தில் இரண்டு கிலோமீட்டர் போயிற்று. பதிலுக்குப் பின்பக்கத்தைத் தூக்கிக் கொடுத்தது. முன்பு 27 கிலோமீட்டருக்குக் கீழே போனால் படகு தண்ணீரில் அமர்ந்துவிடும், இப்போது 22 வரை ஏறியே ஓடுகிறது. அலையுள்ள நாளில் அந்த ஐந்து கிலோமீட்டரின் அருமை முதுகுக்குத் தெரியும். எனக்கு இது நல்ல பேரம், வேகப்பிரியர்களுக்கு அப்படித் தோன்றாது.

எஞ்சினைச் சாய்க்கும் பொத்தானையும் இத்தனைக்குப் பிறகுதான் சரியாகப் பயன்படுத்தக் கற்றேன். கிளம்பும்போது எஞ்சின் முழுக்க உள்ளே, படகை ஒட்டி. ஏறியதும் ஸ்டீயரிங் இலகுவாகும் வரை மெல்ல வெளியே. துள்ளல் தலைகாட்டினால் பொத்தானை ஒருமுறை தட்டிச் சற்று உள்ளே. வளைவுக்கு முன் மறுபடி உள்ளே.

நாலாம் வருடம் பின்பலகையில் இரண்டு சிறிய மின்சார டிரிம் டேப், அதாவது ஏற்றி இறக்கக்கூடிய மடல்கள், மாட்டினேன். இடது மடலை இறக்கினால் படகின் இடது பின்பக்கம் எழும்பும். வி வடிவப் படகு பக்கக் காற்று அடித்தால் காற்றின் பக்கமே சாயும், அதை நிமிர்த்த இதைவிட வசதியானது எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. அலை பின்னாலிருந்து துரத்தும்போது மட்டும் இரண்டையும் முழுக்க மேலே தூக்கிவிடுகிறேன், மூக்கு அலைக்குள் குத்தக் கூடாதே.

இன்னும் தீராத ஒன்று எரிபொருள் தொட்டி. அது நிறைந்திருக்கும்போது ஒரு மாதிரி, காலியாகும்போது வேறு மாதிரி ஓடுகிறது படகு. ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இடம் அளந்து வைத்திருக்கிறேன். காற்றுப்போக்கிக் குழாயை எந்த வழியாக வெளியே கொண்டுபோவது என்று முடிவானதும் தொட்டியை முன்னால் கொண்டுவந்துவிடுவேன்.