கல்லடியில் துக்கடா படித்த எட்டுச் சனிக்கிழமைகள்

மட்டக்களப்பில் கல்லடிப் பாலம் தாண்டி, ஒரு வீட்டு விறாந்தையில் நடக்கிற வகுப்பு இது. பெரியவர்களுக்கு மட்டும். எட்டுச் சனிக்கிழமை, மொத்தம் 6,000 ரூபா. கர்நாடக சங்கீதக் கச்சேரியில் கடைசியாகப் பாடும் சின்னப் பாட்டுகளான துக்கடாக்களைத்தான் படிப்பிக்கிறார்கள். களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ் ஏறிப் போய் வந்தேன்.

முதல் நாள் டீச்சர் பாடவே இல்லை, அந்தச் சொல்லைப் பற்றித்தான் பேசினார். துக்கடா என்றால் துண்டு. மராத்தியிலும் இந்தியிலும் ‘துக்டா’. 1676 முதல் 1855 வரை தஞ்சாவூரை மராத்தியர் ஆண்டதில் அவர்களுடைய பேச்சு அங்கே சங்கீதத்தோடும் கலந்தது. வடக்கே கதக் ஆடுகிறவர்களும் தபலாக்காரரும் தங்கள் சிறு உருப்படிக்கு இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். ‘துக்கடா வேஷம்’ என்று கேட்டே பழகிய எனக்கு, அந்தச் சொல்லில் அற்பம் என்ற பொருள் முதலில் இல்லை என்பது பெரிய செய்தி. மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனம் முடிந்ததும், துக்கடா தொடங்குமுன் எழும்பிப் போய், எத்தனை தில்லானாவை இழந்திருப்பேன்!

காதல் பாட்டுகளான பதம், ஜாவளி இரண்டும் ஒவ்வொரு வகுப்போடு முடிந்தன. திருப்புகழுக்கு மட்டும் மூன்று கிழமை. மண்டூர் முருகன் கோவிலில் சின்ன வயதிலிருந்து கேட்ட பாட்டுத்தான். தாளம் போட்டுப் பாடச் சொன்னபோது கை தடுமாறியது. அருணகிரிநாதரின் சந்தம் அப்படி. கீர்த்தனையில், ஒரு வரியையே பலவிதமாகப் பாடும் நிரவல், சுரம் என்று விரித்துக்கொண்டு போகலாம். துக்கடாவில் ஐந்து நிமிஷத்துக்குள் ராகத்தின் முகம் தெரிந்துவிட வேண்டும். “சின்னதுதான், ஆனால் ஒளிக்க இடமில்லை” என்றார் டீச்சர். அது மூன்றாம் கிழமைதான் எனக்கு விளங்கியது.

குறைகளும் உண்டு. பின்னேரம் இரண்டு மணிக்கு அந்த விறாந்தையில் சரியான வெக்கை, ஃபேன் ஒன்றுதான். போட்டோக்கொப்பி எழுத்து மிகச் சிறிது, கண்ணாடி போட்டும் வாசிக்க முடியவில்லை. மங்களத்துக்குக் கடைசி நாளில் அரை மணித்தியாலம்தான் கிடைத்தது. மங்களம் துக்கடாவில் சேராது, அது கச்சேரியையே நிறைவு செய்வது. சௌராஷ்டிர ராகத்தில் ஒருமுறை பாடிக் காட்டிவிட்டு விட்டுவிட்டார்கள். அதற்கு ஒரு முழு நாள் தந்திருக்கலாம்.

ஆரம்பப் பாடங்களான கீதம், வர்ணம் பாடிப் பழகியிருந்தால் போதும், சேரலாம். பெரிய எழுத்துக் கொப்பி ஒன்றும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுபோங்கள். நான் திருப்புகழுக்காக மறுபடியும் பெயர் கொடுத்திருக்கிறேன்.