கஞ்சாக் கடைக் கணக்கு: டென்வரிலும் டொரொண்டோவிலும்

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து டென்வரில் ஒரே ஒரு வரிக்காலம், கனடாவில் டொரொண்டோவில் நாலைந்து வருடம். இரண்டு ஊரிலும் கஞ்சாக் கடைகளுக்குக் கணக்கு எழுதியிருக்கிறேன். அங்கே விட்டால் போதும் என்று விலகினேன். இங்கே நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஊரில் இருக்கும் அம்மாவிடம் இத்தனை நாள் "மருந்துக் கடை" என்றுதான் சொல்லிவைத்திருந்தேன். போன மாதம் அக்கா உளறிவிட்டாள். "ஏம்ப்பா, கஞ்சா விக்கிறவனுக்கா கணக்கு எழுதுறே? போலீஸ் வராதா?" என்று கேட்டார் அம்மா. டொரொண்டோ என்றால் "வராதும்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். டென்வரில் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

அமெரிக்கா மாநிலம் மாநிலமாக அனுமதித்துக்கொண்டு போனது. கனடா நாடு முழுவதற்கும் ஒரே நாளில் அனுமதித்தது. எது மேல் என்று கேட்டால் கனடா என்பேன். அதற்கு நான் வைக்கும் காரணம் உடல்நலமோ தனிமனித சுதந்திரமோ இல்லை, வரிக் கணக்கு.

கதைச் சுருக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கொலராடோ மக்கள் 2012 நவம்பரில் வாக்களித்து, 2014 ஜனவரி 1 அன்று கடைகள் திறந்தன. அப்புறம் வரிசையாக மற்ற மாநிலங்கள். ஆனால் மத்திய அரசின் 1970-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான பட்டியலில், வைத்திருந்தது. நான் அங்கே இருந்தபோது மாநிலத்துக்கு அது உரிமம் பெற்ற வியாபாரம், வாஷிங்டனுக்குக் குற்றம். கனடாவில் 2018 அக்டோபர் 17 அன்று நாடாளுமன்றச் சட்டம் அமலுக்கு வந்தது. மாகாணங்களுக்கு விட்டது விவரங்களை மட்டும்: ஆல்பர்டாவில் 18 வயது, ஒண்டாரியோவில் 19, கியூபெக்கில் இப்போது 21.

கடைக்குள் நுழைந்து பார்ப்பவருக்கு டென்வர்தான் பிடிக்கும், மறுக்கவில்லை. அங்கே ஜாடியைத் திறந்து மோந்து பார்க்கச் சொல்வார்கள். இங்கே கண்ணாடியில் தாள் ஒட்டிய கடை, சாம்பல் நிறப் பொட்டலம், சிவப்பு எச்சரிக்கைச் சின்னம். மெல்லும் மிட்டாய் என்றால் கொலராடோவில் ஒரு பாக்கெட்டில் 100 மில்லிகிராம் போதைப்பொருள் வரை இருக்கலாம், இங்கே ஒரு பாக்கெட்டுக்கே 10 தான். வாடிக்கையாளர்கள் இதைப் பற்றித்தான் அதிகம் புலம்புகிறார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

நான் சொல்ல வந்தது 280இ. அமெரிக்க வருமான வரிச் சட்டத்தில் 1982-இல் நுழைந்த ஒரு பிரிவு அது. மினியாபொலிஸில் ஒரு போதைப்பொருள் வியாபாரி, தன் தராசு, போன், கார், வீட்டு வாடகையில் ஒரு பங்கு எல்லாவற்றையும் தொழில் செலவாகக் காட்ட, வரி நீதிமன்றம் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. கடுப்பான அமெரிக்க நாடாளுமன்றம், முதல் இரண்டு பட்டியல்களில் உள்ள போதைப்பொருளை விற்பவருக்குத் தொழில் செலவுக் கழிவே கிடையாது என்று சட்டம் போட்டது. சரக்கின் அடக்க விலையை மட்டும் கழித்துக்கொள்ளலாம். முப்பது வருடம் கழித்து உரிமம் வாங்கி, வாசலில் பெயர்ப்பலகை மாட்டி, ஊழியர்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் போட்ட கடைக்காரர்கள் அந்தப் பிரிவில் போய் விழுந்தார்கள்.

புரிவதற்கு ஒரு சின்னக் கணக்கு. முழு எண்களாகவே போடுகிறேன். வருட விற்பனை 10 லட்சம் டாலர். சரக்கின் அடக்க விலை 6 லட்சம். மிச்சம் 4 லட்சத்தில் வாடகை, சம்பளம், காவலாளி, மின்சாரம் என்று 3 லட்சம் போகிறது. கையில் நிற்கும் லாபம் 1 லட்சம். பக்கத்துச் செருப்புக் கடை ஒரு நிறுவனமாக 21 சதவீதத்தில் 21,000 டாலர் மத்திய வரி கட்டும். கஞ்சாக் கடைக்கு அந்த 3 லட்சம் செலவே இல்லை. 4 லட்சமும் வருமானம். வரி 84,000. ஒரு லட்சம் லாபத்தில் மிஞ்சுவது 16,000, அதிலும் மாநில வரி வேறு. செலவு இன்னும் 20,000 கூடிவிட்டால் நஷ்டத்தில் உட்கார்ந்துகொண்டு வரி கட்ட வேண்டியதுதான். இந்தத் தாளை முதன்முதலாக ஒரு கடைக்காரர் முன்னால் வைத்தபோது, நான் கூட்டலில் தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து அவரே கால்குலேட்டரை இழுத்து இரண்டு தடவை போட்டுப் பார்த்தார்.

மாநில உரிமம் எத்தனை இருந்தாலும் இது தீராது, நாட்டுச் சட்டம் மாறினால்தான் தீரும். 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை கஞ்சாவை மூன்றாம் பட்டியலுக்கு இறக்க முன்மொழிந்தபோது கடைக்காரர்கள் துள்ளியது இதனால்தான். மூன்றாம் பட்டியலுக்கு 280இ பொருந்தாது.

அப்புறம் வங்கி. பெரும்பாலான வங்கிகள் அங்கே கிட்ட வராது. வங்கிகளுக்குப் பாதுகாப்புத் தரும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை பலமுறை நிறைவேற்றியும் செனட்டைத் தாண்டவில்லை. விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் கிடையாது. அதனால் கல்லாவில் ஒரு தந்திரம்: ஏடிஎம் போல நடிக்கும் ஒரு மெஷின். 37 டாலருக்கு வாங்கினால் அது 40 டாலர் பணம் எடுத்ததாகப் பதிவு செய்யும், மீதி 3 டாலரை ரொக்கமாகக் கையில் தருவார்கள். அத்தனை ரசீதையும் விற்பனையோடு ஒத்துப்பார்ப்பது என் வேலை. நோட்டுக் கட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வரி அலுவலகத்துக்குப் போன கடைக்காரர்களும் உண்டு. அந்தப் பையைத் தூக்கும் வேலை எனக்கு வரவில்லை, நல்லவேளை.

நான் விலகியதற்கு உடனடிக் காரணம் வேறு. அப்போது கிரீன் கார்டில் இருந்தேன். 2019 ஏப்ரலில் குடியேற்றத் துறை ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது: மாநிலத்தில் சட்டப்படி சரியானாலும் கஞ்சாத் தொழிலில் வேலை பார்ப்பது குடியுரிமைக்கு வேண்டிய 'நன்னடத்தை'யைப் பாதிக்கலாம். வக்கீல் இரண்டே வரியில் விலகச் சொல்லிவிட்டார். அதே கடையிடம் மாநில வரி வசூலிக்கும் அரசு ஊழியருக்கு இந்தப் பயம் கிடையாது என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்புத்தான்.

மாநிலவாரி முறைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. வேண்டாம் என்கிற மாநிலத்தின் தலையில் கட்டவில்லை. ஓரிடத்தில் செய்து பார்த்து மற்றவர் கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஒரேகான் மாநிலத்தில் தேவைக்கு மேல் விளைந்து விலை சரிந்து கிடந்தபோதும் எல்லை தாண்டி ஒரு பொட்டலம் விற்க முடியவில்லை. தாண்டினால் அது மத்தியக் குற்றம்.

நாட்டளவில் சட்டம் போட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. உலகில் முதலில் செய்த உருகுவே 2013-இல் சட்டம் போட்டு 2017 ஜூலையில் மருந்துக் கடைகளில் விற்பனையைத் தொடங்கியது. அடுத்த மாதமே அந்த மருந்துக் கடைகளின் கணக்கை மூடுவோம் என்று வங்கிகள் மிரட்டின. காரணம், டாலர் பரிமாற்றத்துக்கு அவை நம்பியிருந்த அமெரிக்க வங்கிகள். கனடாவிலும் பெரிய வங்கிகள் முதலில் முகம் சுளித்தன. மத்திய, மாகாணக் கலால் வரி சேர்ந்து கிராமுக்கு 1 டாலர் அல்லது 10 சதவீதம், எது அதிகமோ அது. கிராம் விலை இறங்கியதும் அந்த ஒரு டாலர் விளைவிப்பவர் கழுத்தில் நிற்கிறது. நான் பார்ப்பது சில்லறைக் கடை மட்டும்தான், பண்ணைக் கணக்கைத் தொட்டதில்லை. இது சரக்கு கொண்டுவருபவர்கள் சொல்லிக் கேட்டது. பிள்ளைகள் கையில் போகிறதா என்ற கேள்விக்கும் என் பேரேட்டில் கட்டம் இல்லை. வீட்டில் பதினாலு வயதுப் பையன் இருக்கிறான், அந்தக் கவலை எனக்கும் உண்டு.

ஆனால் இங்கே கஞ்சாக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நான் ஒரே மாதிரிதான் கணக்கு எழுதுகிறேன். வாடகை செலவு, சம்பளம் செலவு, கல்லாவில் கார்டு. 13 சதவீத விற்பனை வரியை வீட்டில் உட்கார்ந்தபடியே தாக்கல் செய்துவிடுகிறேன்.

என் முதல் டொரொண்டோ கடை 2023-இல் மூடிவிட்டது. ஒரே தெருவில் நாலு கடை இருந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் கஞ்சாக் கடைக்குத் திவால் நீதிமன்றக் கதவு திறக்காது, அதுவும் மத்திய நீதிமன்றம் என்பதால். இங்கே முறையாகத் திவால் மனு போட்டார்கள், நான் பேரேடுகளைத் திவால் சொத்தைப் பிரித்துக்கொடுக்கும் அறங்காவலரிடம் ஒப்படைத்தேன், கடன்காரர்கள் வரிசைப்படி கிடைத்ததை வாங்கிக்கொண்டார்கள். அந்த இடத்தில் இப்போது பபிள் டீ விற்கிறார்கள். அவர்களுக்கும் நான்தான் கணக்கு.