நெளியும் அடிவானம்: விமானத்தில் கட்டிய சிறு கேமரா பற்றி

ரிமோட் விமானத்தில் கட்டிப் படமெடுக்கும் இந்தச் சிறு கேமராவின் விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று புதுச்சேரி நண்பர் கேட்டதால் எழுதுகிறேன். படத்தின் அளவு, பேட்டரி நிற்கும் நேரம் எல்லாம் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். அச்சிடாத ஒன்றின் மேல்தான் எனக்குக் கோபம்: படம் நெளிகிறது.

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ரிமோட் விமானத்தை ஏற்றினால், நேர்கோடாக நிற்க வேண்டிய அடிவானம் கூழ் போலத் தளும்புகிறது. இவ்வகைக் கேமராவின் சென்சார் ஒரு படத்தை ஒரே வீச்சில் பதிவதில்லை, வரிவரியாகப் படிக்கிறது. மோட்டார் நிமிடத்துக்கு 9,000 முறை சுழன்றால் நொடிக்கு 150 சுற்று. நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில், ஒரு படத்துக்கான நேரத்துக்குள் புரொப்பெல்லர் ஐந்து முறை சுற்றிவிடுகிறது. அதன் ஒரு பிளேடு சற்றே கனத்தாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் விமானம் உதறும். வரிகள் இடமும் வலமும் விலகும்.

நம் ஊர் வெயில் இதை இன்னும் கெடுக்கிறது. நண்பகலில் மணல் கண்ணைக் கூசவைக்கும்போது, கேமரா ஒளி வாங்கும் நேரத்தைத் தானாகவே சுருக்கிக்கொள்கிறது. அது சுருங்கச் சுருங்க, ஒவ்வொரு வரியும் உதறலை அப்படியே பிடித்து வைக்கிறது. காலை இளவெயிலில் கண்ணுக்கு இதமாக இருக்கும் அதே காட்சி, உச்சி வெயிலில் காணச் சகிக்காது. ஒளியைக் குறைக்கும் சாம்பல் நிற ஃபில்டரை லென்சின் மேல் மாட்டிய பிறகு நெளிவு பெருமளவு அடங்கியது.

பெட்டியோடு வரும் கெட்டிப் பிளாஸ்டிக் தாங்கியைச் செய்தவர் அதை ஒருமுறையாவது விமானத்தில் மாட்டிப் பார்த்தாரா? மோட்டாரின் அதிர்வை மிச்சம் வைக்காமல் லென்சுக்குக் கடத்துகிறது. அதைக் கழற்றிவிட்டு, மெத்தென்ற ஸ்பான்ஜின் மேல் கேமராவை வைத்து, வெல்க்ரோ பட்டையால் தளர்வாகக் கட்டியிருக்கிறேன். இறுக்கினால் ஸ்பான்ஜ் நசுங்கிப் பயனற்றுப் போகும். மூக்கில் வைத்தால் விமானம் முன்பக்கம் சாயும். இறக்கைக்கு மேலே, எடை சமநிலை கொள்ளும் இடத்தில் வைப்பதே நல்லது. எல்லாவற்றுக்கும் மேலான மருந்து புரொப்பெல்லரைச் சமன்படுத்துவது. இலேசான பிளேடில் சிறு செலோடேப் துண்டு ஒட்டினாலே போதும்.

நெளியாமல் வந்த காட்சிகளை நான் குறை சொல்லவே மாட்டேன். மழைக்காலம் முடிந்தபின் கெடிலம் கடலில் சேரும் முகத்துவாரத்தை மேலிருந்து பார்த்தேன். எத்தனை வருடம் கரையில் நின்றாலும் பிடிபடாத மணல்திட்டின் வளைவு முழுதாகத் தெரிந்தது. வலையைச் சரிசெய்துகொண்டிருந்த மீனவர் ஒருவர் அதைக் கைபேசியில் பார்த்து, திட்டு எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினார். இந்தச் சின்னக் கேமரா அதற்காகவே என்னிடம் இருக்கிறது.

இருந்தாலும், நண்பரே, வாங்காதீர்கள். லென்ஸ் நல்லது, எடை குறைவு, விலையும் இப்போது நியாயம். ஆனால் விமானத்துக்கென்றே விற்கும் பொருளுக்கு, வாங்கியவர்தான் ஸ்பான்ஜ் வெட்டி, ஃபில்டர் தேடி அலைய வேண்டும் என்றால் அதை என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தத் தாங்கியை மாற்றி விற்கும் நாளில் கேளுங்கள், மனதார வாங்கச் சொல்கிறேன்.