பிஎல்ஏ-வில் கலக்க தென்னை நாரா, வாழை நாரா?

பிஎல்ஏ என்பது தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யும் மட்கக்கூடிய பிளாஸ்டிக். இதோடு நார் கலந்து பாரம் தாங்கும் தட்டு, பெட்டி செய்ய வாழை நார்தான் சரி. அதில் நாருக்கு வலு தரும் செல்லுலோஸ் சுமார் 60 சதவீதம். இழுவலிமையில் தென்னை நாரைவிட நன்றாகவே மேல். ஆனால் சில சதவீதமே நீண்டு அறுந்துவிடும். தென்னை நாரில் மரத்தன்மை தரும் லிக்னின் 40 சதவீதத்தை ஒட்டி வரும். வலு குறைவு, நீட்சி அதிகம். பொள்ளாச்சிப் பக்கம் கழிவாகவே நிறையக் கிடைப்பதால் நாற்றுத் தொட்டிக்கு இதுவே போதும். வாழைக்கோ தார் வெட்டியதும் தண்டை உரித்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் அழுகி நார் கறுக்கும்.

தென்னை நாரின் மெழுகுப் பூச்சு பிஎல்ஏ-வை ஒட்டவிடாது. 5 சதவீத காஸ்டிக் சோடா கரைசலில் சில மணி நேரம் ஊறவைத்து, பிஎச் 7 (காரமும் அமிலமும் இல்லாத நிலை) வரும்வரை அலசுங்கள். காரம் மிஞ்சினால் உருக்கும்போது பிஎல்ஏ சிதையும். வாழை நாருக்கு இன்னும் மிதமான கரைசல் போதும். அதிகமானால் நாரே நைந்துவிடும்.

இரண்டிலும் வேலையைக் கெடுப்பது ஈரம்தான், வாழை நாரில் கூடுதலாக. நாரை 80 டிகிரி ஓவனில் குறைந்தது 6 மணி நேரம் உலர்த்தி, சூடு ஆறுமுன் கலக்குங்கள். பிஎல்ஏ குருணையையும் தனியே உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் பிஎல்ஏ-வின் மூலக்கூறுச் சங்கிலி அறுந்து, மேலே குமிழி விழும், பொருள் படக்கென்று உடையும்.

எடையில் 20 சதவீத நாரோடு தொடங்கலாம். வாழை நாரை 2–3 மில்லிமீட்டருக்கு நறுக்காவிட்டால் ஹாப்பரில் (எந்திரத்தில் பொருளைக் கொட்டும் வாயில்) பந்தாகச் சுருண்டு அடைக்கும். பேரல் (பிஎல்ஏ உருகும் குழாய்) வெப்பம் 170–185 டிகிரி. 200-ஐத் தாண்டினால் கருகல் வாடை வரும்.

எந்த நாரைப் போட்டாலும் பிஎல்ஏ மட்க 58 டிகிரி அளவு சூடுள்ள தொழில்முறை உரக்கிடங்கு வேண்டும். தோட்டத்து மண்ணில் புதைத்தால் ஒரு பருவத்தில் மட்காது.