தையல் போட்ட இடத்தில் அரிப்பா? என்ன களிம்பு போட்டார்கள் என்று கேளுங்கள்

அம்மாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. சேர்க்கும்போதே அம்மா சொன்னார்: “முன்னாடி கால் புண்ணுக்குப் போட்ட பவுடர் எனக்கு ஒத்துக்கல, அரிச்சுக் கொட்டிருச்சு.” எழுதிக்கொண்டிருந்தவர் தலையை ஆட்டினார். பிறகு கேஸ் ஷீட்டை வாங்கிப் பார்த்தால், அலர்ஜி என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறது.

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. மறுநாள் கட்டு மாற்றும்போது ஒரு களிம்பைத் தடவினார்கள். மூன்றாம் நாள் ராத்திரி அம்மா தூங்கவே இல்லை. வலி இல்லை, அரிப்பு. சீப்பின் காம்பைக் கட்டுக்கு அடியில் விட்டுச் சொறிந்துகொண்டிருந்தார். காலையில் பிரித்தபோது, களிம்புத் துணி இருந்த அளவுக்கு அப்படியே சதுரமாகச் சிவந்து, பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம். தையலில் சீழ் இல்லை, காய்ச்சலும் இல்லை. டூட்டி டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்ஃபெக்‌ஷன், களிம்பை மூணு வேளை போடுங்க” என்றார். கூடவே ஊசி, இன்னும் நான்கு நாள் அறை வாடகை. அதற்குள் சிவப்பு இடுப்பு வரை பரவிவிட்டது.

வெளியே வந்து தோல் மருத்துவரிடம் காட்டினோம். அவர் முதலில் கேட்டதே, “என்ன தடவினாங்க?” களிம்பில் இருந்தது நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக். பழைய பவுடரிலும் அதுதான். களிம்பை நிறுத்தி ஸ்டீராய்டு கிரீம் கொடுத்தார், ஒரே வாரத்தில் வற்றியது. தோல் ஆறிய பிறகு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, மருந்து தடவிய பட்டையை முதுகில் ஒட்டிப் பேட்ச் டெஸ்ட் செய்தார். இரண்டு நாளில் பட்டையை எடுத்துவிட்டாலும், நியோமைசினுக்குத் தாமதமாகத் தடிக்கலாம் என்பதால் ஏழாம் நாளும் வரச் சொன்னார்.

எனக்கு மனசே ஆறவில்லை. 1996இல் அமெரிக்காவில் சின்னத் தோல் ஆபரேஷன் செய்துகொண்ட 922 பேரிடம் வெறும் பெட்ரோலியம் ஜெல்லியையும் பாசிட்ராசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கிருமித் தொற்றில் பெரிய வித்தியாசமே இல்லை. சுத்தமான தையலுக்கு ஆன்டிபயாடிக் களிம்பு தேவையா என்று யாராவது ஒருவர் யோசித்திருக்கலாம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால், ஒத்துக்கொள்ளாத மருந்தைச் சொன்னால் மட்டும் போதாது, எழுதினார்களா என்று கண்ணால் பாருங்கள். கட்டு மாற்றும்போது டியூபைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வலி, சீழ், காய்ச்சல் இருந்தால் அது வேறு கதை, உடனே டாக்டரிடம் ஓடுங்கள். அரிப்புதான் முன்னால் நிற்கிறது என்றால் அலர்ஜியா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

அடுத்து அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். கண் சொட்டு மருந்தில் வரும் டோப்ராமைசினும் நியோமைசின் குடும்பம்தான். தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை லேமினேட் செய்து அம்மாவின் பர்ஸில் வைத்திருக்கிறேன்.